நன்றியுரையில் ஒரு வரியாக வந்தவர்கள்

ஜனவரி 21, செவ்வாய் – பழவேற்காடு, சூளூர்பேட்டை

காட்பாடியிலிருந்து இருட்டோடு கிளம்பினோம். பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. ஜனவரி என்று பெயருக்குத்தான் சொல்ல வேண்டும், வெயில் அப்போதே உறைத்தது. மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மடவை கிலோ 300 ரூபாய் என்றார் ஒரு அம்மா. "வாங்கினா சமைச்சுத் தர்றதுக்கு யாராவது இருக்காங்களாம்மா?" என்று தம்பி கேட்டான். அவரே எழுந்து வந்து பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டைக் காட்டிவிட்டுப் போனார்.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு அடித்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. விலங்கியல், சமூகவியல், இயற்பியல், தமிழ், தொல்லியல் என்று எல்லாம் வரும். ஒரு துறைக்காரருக்கு அடுத்த துறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எல்லாருடைய பக்கங்களும் என் கை வழியாகப் போகின்றன. அதில் நான் ஆசையோடு அடிப்பது நன்றியுரைப் பக்கம். கைடு, துறைத்தலைவர், அப்பா அம்மா எல்லாரும் வந்து முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி இருக்கும். களப்பணியில் உதவிய படகோட்டிக்கும், அகழாய்வில் உழைத்த ஊர் மக்களுக்கும், இரவுப் பணியாளர்களுக்கும் நன்றி என்று. அந்த ஒரு வரி ஆட்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் பக்கத்து ஆய்வுகளில் பல, ஆந்திர எல்லையை ஒட்டிய இடங்களில் நடந்தவை. தம்பியிடம் ஒரு பழைய ஆல்டோ இருக்கிறது. பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் புறப்பட்டுவிட்டோம்.

பழவேற்காட்டில் தேடிப்போனது ஒரு படகுக்காரரை. இறால் குஞ்சுகளைப் பற்றி விலங்கியலில் ஆய்வு செய்த என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். படகுக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். வேப்ப மரத்தடியில் வலையை விரித்துப்போட்டு, கால் கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்து, கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிய நேரம் முழுக்க அந்தக் கை நிற்கவில்லை.

சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம்தான் நம் பக்கம். ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பைக் கொண்டுவருகிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் உப்பின் அளவு மாறும், மீன் வரத்து மாறும். அதனால்தான் விலங்கியல்காரர்கள் மாதாமாதம் ஒரே இடங்களில் தண்ணீர் எடுத்து அளக்கிறார்கள்.

"அவரு கையில மிஷின் வெச்சிருந்தாரும்மா, இடம் பாக்கறதுக்கு. நான் லைட்அவுஸையும் ஒத்தப் பனையையும் நேரா வெச்சுப் பாப்பேன். ரெண்டும் ஒரே இடத்துலதான் கொண்டாந்து விடும்" என்றார்.

அப்புறம் பேச்சு பாடு பக்கம் போனது. பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாளில் சுத்து வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவரே நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சமூகவியல் ஆய்வாளர்கள் இதை ரொம்ப காலமாகப் படித்துவருகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவிக்கும் இவர்தான் படகு ஓட்டியிருக்கிறார்.

"அவரு, இறால் எங்கருந்து வருது எங்க போவுதுன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு, இறால் புடிக்கிற எடம் யாருக்குன்னு கேட்டுச்சு. ரெண்டும் ஒண்ணுதானம்மா? தண்ணி வத்தறப்ப இறால் எந்தப் பக்கமா கடலுக்கு எறங்குதோ, அங்கதான் பாடு."

அந்த இரண்டு ஆய்வேடுகளும் என் கடையில் அடித்தவை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். இரண்டு நன்றியுரையிலும் இவர் 'உள்ளூர்ப் படகோட்டி'. பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். பொதுவில் போடலாமா என்று கேட்கவில்லை, அதனால் இங்கே யார் பெயரையும் போடப்போவதில்லை.

மடவைக் குழம்பும் சோறும், வறுவலுக்கு நாலு துண்டும். சமையல் கூலி 150 ரூபாய்தான் வாங்கினார்கள். புளி குறைவு, மிளகு தூக்கல். தம்பி மூன்றாவது முறை சோறு கேட்டபோது அந்த வீட்டுப் பாட்டி சந்தோஷமாகிவிட்டார். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த ஊர் இது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டையும் பார்த்துவிட்டு, கும்மிடிப்பூண்டி, தடா வழியாக சூளூர்பேட்டை போனோம்.

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. சாயங்கால வெயிலில் பூநாரைகள். கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நடந்துகொண்டே மேய்கின்றன. தின்னும் தீனியிலிருந்துதான் அந்த ரோஸ் நிறம் வருகிறது. சாலையோரம் பைனாகுலரோடு நின்ற ஒரு பையன், கேட்காமலே அதை எங்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். தெலுங்குப் பையன், பறவைக் கணக்கெடுப்புக்கு உதவப் போகிறவனாம். எண்ணுவது எப்படி என்று கேட்டேன். முதலில் நூறு பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டுமாம்.

ஜனவரி 22, புதன் – பூண்டி, அதிரம்பாக்கம்

ராத்திரி தங்கின லாட்ஜில் மோட்டார் ஓடவில்லை. காலையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர் அறையில் நெல்லூர்க் குடும்பம் ஒன்று, முந்தின நாளே இரண்டு பக்கெட் பிடித்து வைத்திருந்தது. அந்த அம்மா ஒரு பக்கெட்டைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றி சொல்லக் கதவைத் தட்டினால், தோசை தின்கிறீர்களா என்று கேட்கிறார்.

சத்தியவேடு வழியாக ஊத்துக்கோட்டை, அங்கிருந்து பூண்டி. வழியெல்லாம் பனி இறங்கி, எட்டு மணிக்கும் ஹெட்லைட் போட வேண்டியிருந்தது. கிருஷ்ணா தண்ணீர் வரும் கால்வாய் கூடவே வருகிறது. பூண்டியில் அரசின் நீரியல் ஆய்வு நிலையம் ஒன்று 1940களிலிருந்து இருக்கிறது. அணை, துறைமுகம் எல்லாவற்றையும் சின்ன அளவில் திறந்தவெளியில் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்க்கிற இடம். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் சின்னதுதான். கற்காலக் கைக்கோடரிகளைக் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன், பொருளைப் பார்ப்பது இப்போதுதான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, வெற்றிலை மாதிரி ஒரு முனை கூர்ந்து, மறுமுனை பிடிக்க வாகாகத் தடித்து இருக்கிறது. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி எடுத்த தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் ஒரு அடி. எங்கே அடித்தால் எங்கே உடையும் என்று தெரிந்தவர் அடித்த அடி.

அதிரம்பாக்கம், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஊர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட், மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் இங்கே வந்தார்கள். இரண்டு பேரும் நிலவியல் துறை ஆட்கள், பாறை பார்க்க வந்தவர்கள். இந்தியாவில் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வே அப்படித்தான் தொடங்கியது. பிறகு 1999இலிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் இங்கே அகழாய்வு செய்தார்கள். அடி அடுக்கில் கிடைத்த கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். 2018இல் வந்த அடுத்த கட்டுரை, மேலடுக்கில் இருந்த நுட்பமான கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்றது.

அடி அடுக்கின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மேல் வானத்திலிருந்து காஸ்மிக் கதிர் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால் கல்லில் உள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பது மட்டும் அழியும், அதுவும் இரண்டும் வேறு வேறு வேகத்தில். அந்த விகிதத்தை அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். அணு இயற்பியல் இல்லாமல் இந்தத் தொல்லியல் இல்லை. என் கடையில் இந்த இரண்டு துறை மாணவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் மின்விசிறியைக் கூட்டச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

களம் இப்போது வெறும் செம்மண் மேடு, ஓடை அரித்த பள்ளங்கள், வேலிக்கருவை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். அகழாய்வு நடந்தபோது கூலிக்குப் போனவராம்.

"மண்ண அள்ளி அப்படியே கொட்டிட முடியாது கண்ணு. சலிக்கணும், கழுவணும், ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போடணும். மொதல்ல எனக்கும் எல்லாக் கல்லும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. போகப்போக, இது தட்டுன கல்லு, இது தானா ஒடஞ்சதுன்னு கண்ணுக்கு வந்துடுச்சு."

பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து ஒரு கல்லைக் காட்டினார். தொடவில்லை, குச்சியால்தான் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் மூன்று வளைவுகள், விளிம்பில் சீராக. "இது தட்டுனது. அங்கயே கெடக்கட்டும், எடுக்கக் கூடாது." தம்பி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "அக்கா, இவங்க சொல்லலன்னா நான் இதை மிதிச்சுட்டுப் போயிருப்பேன்" என்றான். சலிப்பதும் கழுவுவதும் கூலி வேலை என்றால் சரி, ஆனால் கண்ணுக்கு வந்துவிட்ட அந்த அறிவுக்கு என்ன பெயர் வைப்பது? 'ஊர் மக்களின் ஒத்துழைப்பு' என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். அது போதாது.

நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி. புத்தூர் வந்ததும், எங்கள் பெரியப்பா கை முறிந்து இங்கே கட்டுப் போட்டுக்கொண்ட கதையைத் தம்பி ஆரம்பித்தான். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. வேலூர்ப் பக்கத்தில் புத்தூர்க் கட்டுப் போடாத குடும்பம் குறைவு. வண்டியை நிறுத்தாமல் போய்விட்டோம், இருட்டிவிட்டது.

ஜனவரி 23, வியாழன் – திருப்பதி

மலைப்பாதையில் நினைத்த இடத்தில் காரை நிறுத்த முடியாது. அதனால் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் தருமபுரிக்காரர், மடியில் மொட்டை போடப்போகிற பேத்தி. "சாமி பார்க்கத்தானே வந்தீங்க, எதுக்கும்மா பாறையையே பார்க்கறீங்க?" என்றார். சொன்னேன். கீழே பழைய கருங்கல், அதன் மேல் படுக்கை படுக்கையாக குவார்ட்சைட் பாறை. இரண்டுக்கும் நடுவில் 50 கோடி ஆண்டுக்கும் மேலான இடைவெளி. அந்தக் காலத்தில் படிந்தது எதுவும் இங்கே மிஞ்சவில்லை. நிலவியல் மதிப்பாய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அடுத்த வளைவிலிருந்து அவரும் பாறையைப் பார்க்க ஆரம்பித்தார். "கோடு தெரியுது பாரு, கீழ ஒரு தினுசு, மேல ஒரு தினுசு" என்று பேத்திக்குக் காட்டினார்.

தரிசனத்துக்கு நேரம் பிடித்தது. அதை எழுத வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். வரிசையில் நகரும்போது ஓரிரண்டு எழுத்துகள் கண்ணில் படும், அதற்குள் தள்ளிவிடுவார்கள். இந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, தேவஸ்தானமே 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. கல்வெட்டுப் படி எடுப்பது சும்மா இல்லை. சுவரைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, காய்கிற பக்குவத்தில் மை ஒற்ற வேண்டும். ஒரு அடி பலமாகிவிட்டால் தாள் கிழிந்துவிடும். படித்துப் பொருள் சொன்ன அறிஞர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கும். தாளை அடித்தவர்கள் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

மத்தியானம் கீழே வந்து சாப்பாடு. இலைச் சாப்பாடு 120 ரூபாய். பருப்புப் பொடியும் நெய்யும் முதலில், பிறகு கோங்குரா, பப்பு. காரம் நம் நாக்குக்கு ஒரு படி மேல். பரிமாறியவர் தம்பியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்தார்.

பிற்பகல் ஒரு சுவடி நூலகம். தமிழ்த் துறை வாடிக்கையாளர் ஒருவர் அனுமதி வாங்கி வைத்திருந்தார். திருப்பதி சுவடிகளுக்குப் பேர்போன ஊர். 1939இல் தேவஸ்தானம் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் பிறகு வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நாங்கள் போன இடத்தில் சுவடி துடைக்கும் வேலையில் ஒரு அக்கா இருந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஏட்டை வெளிச்சத்தில் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுகிறார். எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒரே திசையில் தடவுகிறார். எழுத்து மங்கிப்போன ஏட்டில் கரியைத் தேய்த்துத் துடைத்ததும், அதுவரை வெறும் ஓலையாக இருந்ததில் கருப்பாக வரிகள் எழும்பி வந்தன. தெலுங்கு எழுத்து.

"என்ன எழுதியிருக்குக்கா?" என்றேன்.

"மருந்து. மாட்டுக்குன்னு நினைக்கறேன். நான் படிக்கறது கம்மி. ஆனா எந்த ஏடு எந்தக் கட்டுன்னு ஓலை கலரைப் பார்த்தே சொல்லிடுவேன். ஒருமுறை கட்டு மாறிப் போச்சு, நான்தான் பிரிச்சுச் சேர்த்தேன்."

கட்டு மாறிப்போன ஏட்டை வைத்து ஒருவர் பதிப்பு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அக்காவிடம் யாரும் இதை எழுதி வாங்கி வைக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்றார்.

ஜனவரி 24, வெள்ளி – காதங்கி, சித்தூர்

இரண்டு லட்டு கூடுதலாக வாங்கிக்கொண்டு, 50 ரூபாய் வீதம், சித்தூர்ச் சாலையில் கிளம்பினோம். காதங்கிக்குக் கொஞ்சம் முன்பே வண்டியிலிருந்து ஆவி. ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. ஒரு லாரி டிரைவர் தானாக நிறுத்தி இறங்கி, ரப்பர் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டிக்கொடுத்தார். சித்தூர் வரை தாங்கும், ஏசி போடாதீர்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, காசை வாங்கவே மாட்டேன் என்றார். லட்டு கொடுத்தோம், கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ரேடார் நிலையமாக ஆரம்பித்தது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் 1,024 ஆன்டெனாக்கள், 32 வரிசை, வரிசைக்கு 32. வானத்தைப் பார்த்து அலை அனுப்பி, காற்றில் பட்டுத் திரும்புவதைக் கேட்கும். தினமும் மாலை ஐந்தரை வாக்கில் ஒரு பலூனும் விடுகிறார்கள். அதில் தொங்கும் சின்னப் பெட்டி, போகப்போக வெப்பம், ஈரம், காற்றின் போக்கு எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். 16, 17 கிலோமீட்டருக்கு மேல் போனால், அதுவரை குறைந்துகொண்டே வந்த வெப்பம் திரும்பக் கூட ஆரம்பிக்கும். எங்கள் ஊர் இயற்பியல் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் அந்தத் திருப்பம் வரும் வரைபடத்தை எத்தனை முறை சரிசெய்து ஒட்டினேன் என்று கணக்கே இல்லை.

உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வேண்டும். நாங்கள் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்துகொண்டோம். டீ 12 ரூபாய், மசால் வடை 10. கடைக்காரர் பாதித் தெலுங்கு பாதித் தமிழில் பேசினார். கடை உத்திரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது, கைக்குள் அடங்கும் அளவு. பலூன் வெடித்து, சின்ன பாராசூட்டோடு அவர் கடலைக் கொல்லையில் வந்து விழுந்ததாம். "பலூன் மேல போச்சுன்னா எனக்குக் கடைசி டீ போடற நேரம்மா. எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்து மழை சொல்லிடுவேன்" என்றார். சரியாகச் சொல்வாரா என்று தம்பி கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், கிழக்கே இருந்து மேற்கே சாய்ந்தால் மட்டும் நம்பலாம் என்றார்.

பலூன் போனது. மரங்களுக்கு மேலே வெள்ளையாக, நேராக எழும்பி, பிறகு மெதுவாகச் சாய்ந்தது. கடையில் இருந்த யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்தோம். மழையிலும் தீபாவளியிலும் விடுகிறவர்கள் யாரோ இருக்கிறார்கள். ஒரு நாள் விடாமல் போனால் வரைபடத்தில் அந்த நாள் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக் கோடுகள் ரொம்பக் குறைவு என்பது எனக்குத் தெரியும், நான்தானே ஒட்டினேன்.

சித்தூர் மெக்கானிக் குழாயை மாற்ற 850 ரூபாய் வாங்கினார். தமிழர். காட்பாடி என்றதும் அவர் மச்சான் கடையை எல்லாம் விசாரித்தார். ராத்திரி ராகி சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும், தட்டு 160. களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜனவரி 25, சனி – குப்பம், காவலூர்

பலமநேர், வி.கோட்டா வழியாகக் குப்பம். கவுண்டின்யா காட்டை ஒட்டிய சாலை. 1980களில் இங்கே யானைகள் திரும்பி வந்தன, அதிலிருந்து தோட்டக்காரர்களுக்குத் தூக்கமில்லை. தக்காளிக் கொல்லையில் காவல் பரண்கள் தெரிந்தன. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம், 1997இல் தொடங்கியது. மூன்று மாநிலம் சேரும் இடத்தில் தென்னாட்டு மொழிகளை ஒப்பிட்டுப் படிக்க இடம் கொடுத்தது நல்ல யோசனை. சனிக்கிழமை, ஆள் குறைவு. வளாகத்தைச் சுற்றிவிட்டு, வாசலில் கரும்புச்சாறு குடித்தோம். வாணியம்பாடியில் பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, 180 ரூபாய். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினோம்.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். 1968இல் சின்னத் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். வானியல் அறிஞர் வைணு பாப்பு தேடித்தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். ஊர் வெளிச்சம் இல்லை, பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நிறையத் தெரியும். 1972இல் வியாழனின் நிலா கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை இங்கிருந்து அளந்தார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுகொண்டவர்களில் காவலூரும் உண்டு. 1988இல் ஆர். ராஜமோகன் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982இலேயே இறந்துவிட்டார்.

மாலையில் குளிர் இறங்கியது. மேற்கே வெள்ளி, உச்சிக்குப் பக்கத்தில் வியாழன். சின்னத் தொலைநோக்கியில் பார்க்க வரிசை. முன்னால் ஆலங்காயத்துப் பள்ளிப் பிள்ளைகள். என் முறை வந்தது. வியாழனின் பக்கத்தில் ஒரே கோட்டில் நிலாக்கள், குண்டூசித் தலை அளவில். இதில் எது கனிமீட் என்று கேட்டேன். விளக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒரு கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார், உத்தேசமாகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், இரவு உதவியாளராக ரொம்ப காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் பேசக் கிடைத்தது. மலை ஊர்க்காரர். கும்மட்டத்தைத் திறப்பது, தொலைநோக்கியைத் திருப்புவது, ஈரப்பதத்தைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலையாக இருந்தது. கண்ணாடியில் பனி பட்டால் போச்சு.

"மீட்டர் இருக்கும்மா, பார்ப்போம். ஆனா கைப்பிடிக் கம்பியைத் தொட்டா எனக்குத் தெரிஞ்சிடும். சில நாள் ஆராய்ச்சி பண்ற தம்பிங்க இன்னும் அஞ்சு நிமிஷம் அண்ணாம்பாங்க. மூடிடுவேன். திட்டுவாங்க. காலையில வந்து டீ வாங்கிக் கொடுப்பாங்க."

ஒன்று சொல்ல வேண்டும். என் கைக்கு வந்த ஆய்வேடுகளில் இரவு உதவியாளர்களைப் பெயர் போட்டு, இனிஷியலோடு நன்றி சொன்னவர்கள் வானியல்காரர்கள்தான். ஏன் என்று இவரிடமே கேட்டேன். "ராத்திரி முழுக்க ரெண்டே பேர் இருப்போம். பேர் தெரியாம எப்படிம்மா?" என்றார்.

படகிலும் இரண்டே பேர்தான் இருந்திருப்பார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு – ஆலங்காயம், காட்பாடி

மலையடிவாரத்தில் தங்கிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் பள்ளிக்கூடங்களில் கொடியேற்றம், பிள்ளைகள் கையில் மிட்டாய். மலைச் சாமை கிலோ 90 ரூபாய்க்கு இரண்டு கிலோ, தேன் ஒரு பாட்டில் 400. தேன் விற்ற பெண், தம்பியின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார். பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்றார்.

ஆலங்காயத்தில் சிக்னல் கிடைத்ததும் போன் வரிசையாக அடித்தது. தாவரவியல் மாணவன் ஒருவன். சேஷாசலம் மலையில் செம்மரக் கன்றுகளைப் பற்றிய ஆய்வு, புதன்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

"அக்கா, நன்றியுரை மெயில் போட்டுட்டேன். அது மட்டும்தான் பாக்கி."

போனிலேயே திறந்து படித்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். கடைசி வரி, 'களப்பணியில் வழிகாட்டிய வனக் காவலருக்கும்.'

"தம்பி, அந்தக் காவலர் பேர் என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அண்ணான்னுதான்க்கா கூப்பிடுவேன். ரெண்டு வருஷம் அவர் வீட்லதான் சாப்பிட்டேன்."

"கேட்டுச் சொல்லு. இனிஷியலோட. அவருக்கு எந்த மரம் எங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவர்தான்க்கா காட்டினார். நான் அளந்தேன்."

"அதையும் ஒரு வரி எழுது. புதன்கிழமைக்குள்ள பைண்டிங் ஆயிடும், கவலைப்படாதே."

வாணியம்பாடி தாண்டுவதற்குள் திரும்பக் கூப்பிட்டான். பெயர் கிடைத்துவிட்டது, எழுத்துக்கூட்டிச் சொன்னான். இனிஷியல் ஒன்றா இரண்டா என்று சந்தேகமாம், அவர் காட்டுக்குள் போயிருக்கிறார், சாயங்காலம்தான் திரும்புவாராம். சரி, அந்தப் பக்கத்தைக் கடைசியாக அடிக்கிறேன் என்றேன்.